எடுக்கும்போதே உடைந்த இழைகள்

ஓனுமா தொமோயேயின் அறைக் கதவை மெதுவாகத்தான் திறக்க வேண்டும். வேகமாகத் திறந்தால் காற்று அடித்து மேசைமேல் கிடக்கும் இழை பறந்துவிடும். பறந்தால் திட்டு நிச்சயம்.

"டேய் நெமொத்தோ, புயல் மாதிரி நுழையாதேன்னு எத்தன தடவ சொல்றது? உங்க வீட்ல கதவே கிடையாதா?"

துறைத் தலைவர் ஹிருமாவுக்கும் இதே திட்டுதான். கொஞ்சம் மரியாதை சேர்ந்து வரும், அவ்வளவுதான். நான் தொமோயேயின் தம்பியோடு படித்தவன் என்பதால் எனக்கு அந்த மரியாதையும் கிடையாது. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் நகாமினாத்தோ பக்கத்துப் பேச்சே கொஞ்சம் முரடு. வெளியூர்க்காரர்கள் நாங்கள் சண்டை போடுவதாக நினைத்துக்கொள்வார்கள்.

எங்கள் கம்பெனி பைன் தோப்பை ஒட்டி, கடல் இரைச்சல் கேட்கும் தூரத்தில் இருந்தது. அங்கே பீங்கான் இழை செய்தார்கள். கறுப்பாக இருக்கும். எட்டி நின்று பார்த்தால் யாரோ ஒரு பெண்ணின் கூந்தலை அறுத்து உருளையில் சுற்றி வைத்திருப்பதாகத் தோன்றும். ஒற்றை இழை தலைமுடியைவிட மெல்லியது. ஆனால் அதே பருமனுள்ள எஃகுக் கம்பி அறுகிற இடத்தில் இது அறாது. எஃகு தளர்ந்து தொங்கிப்போகும் சூட்டிலும் இது விறைப்பாக நிற்கும். அதனால்தான் எஞ்சின் செய்கிறவர்களும் உலை கட்டுகிறவர்களும் எங்களைத் தேடி வந்தார்கள். எழுபதுகளின் முடிவில் தொடங்கிய இடம். நான் சொல்லப்போவது அதற்குச் சில வருடங்கள் கழித்து நடந்தது.

தொமோயே அக்கா அதற்கு முன்னால் சர்க்கரைவள்ளிக் கிழங்குக் கொட்டகையில் வேலை செய்தவர். வெந்த கிழங்கைச் சூடு ஆறுமுன் தோலுரித்து, கம்பிச் சட்டத்தில் அழுத்தி வில்லைகளாக்கி, கடற்காற்றில் காயப் போடுகிற வேலை. கம்பெனி பெண்களை வேலைக்கு எடுத்தபோது ஒவ்வொருவர் கையிலும் ஒரு இடுக்கியைக் கொடுத்து, இழைக் கற்றையிலிருந்து ஒன்றே ஒன்றை உருவி எடுக்கச் சொன்னார்களாம். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்து நீட்டிவிட்டு, "இவ்வளவுதானா? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்க, எனக்கு பஸ் போயிடும்" என்றாராம்.

அவருடைய வேலையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது. கற்றையிலிருந்து ஒற்றை இழையை எடுக்க வேண்டும். நடுவில் சன்னல் வெட்டிய சின்னக் காகிதச் சட்டத்தின் குறுக்கே அதைக் கிடத்தி, இரண்டு முனையிலும் ஒரு பொட்டுப் பசை வைத்து ஒட்ட வேண்டும். பசை காய்ந்ததும் சட்டத்தை இழுவை இயந்திரத்தில் மாட்டி, காகிதத்தின் இரண்டு ஓரங்களையும் கத்தரித்துவிட்டால் மேல் பிடிக்கும் கீழ்ப் பிடிக்கும் நடுவே இழை மட்டும் நிற்கும். பிறகு இயந்திரம் அதை இழுக்கும். எவ்வளவு இழுத்தபோது அறுந்தது என்பதுதான் அந்த இழையின் பலம். ஒரே கற்றையிலும் ஒரு இழையைப் போல் இன்னொன்று இருக்காது. அதனால் ஒவ்வொரு கற்றையிலும் நிறைய இழைகளை இழுத்துச் சராசரி பார்ப்பார்கள்.

அந்தக் கணக்கையெல்லாம் பார்த்தவர் கராசவா. டோக்கியோவில் படித்துவிட்டு வந்த ஆராய்ச்சியாளர். முப்பது வயதுகூட இருக்காது. நல்ல மனிதர். சாப்பிட மறந்து வேலை பார்ப்பார். அக்கா தன் பையிலிருந்து கிழங்கு வில்லையை எடுத்து அவர் காகிதங்களின் மேல் வைப்பார்.

"டோக்கியோக்காரரே, கணக்கு எங்கயும் ஓடிடாது. சாப்பிடுங்க. நீங்க மயக்கம் போட்டு விழுந்தா தூக்கறதுக்கு எங்கிட்ட இடுக்கிதான் இருக்கு."

"நான் அவ்வளவு ஒல்லியாவா இருக்கேன், தொமோயே-சான்?"

"உங்களச் சட்டத்துல ஒட்டி இழுத்தா சராசரிக்குக் கீழதான் வருவீங்க."

அந்த வருடம், எஞ்சின் உறுப்புகள் செய்யும் ஒரு கம்பெனி எங்கள் இழையைக் கேட்டு வந்தது. இழை எவ்வளவு சூடு தாங்கும், அந்தச் சூட்டில் கிடந்து வந்த பிறகு அதற்கு எவ்வளவு பலம் மிஞ்சும் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அது என் பொறுப்பில் இருந்த உலையின் வேலை. உலைக்குள் இருந்த காற்றை வெளியேற்றி ஆர்கான் வாயுவை நிரப்பி, கற்றைகளை வைத்துச் சூடேற்றி, ஆறிய பிறகு மாடியில் அக்காவின் அறைக்கு அனுப்புவேன். குளிர்காலத்தில் ஆயிரம் டிகிரியில் தொடங்கினோம். பிறகு ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு என்று படிப்படியாக ஏற்றினோம். பனி நின்று பிளம் பூத்தபோது ஆயிரத்து முந்நூறுக்கு வந்துவிட்டோம். ஒவ்வொரு படியிலும் குறைந்த நேரம், நீண்ட நேரம் என்று பல கற்றைகள்.

மாடியில் நடந்ததை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அக்காவும் அவர் வீட்டுக்காரர் இசாவோவும் ஆளுக்குப் பாதியாகச் சொன்னதை வைத்துச் சொல்கிறேன்.

இழையை இடுக்கியால் தூக்கும்போதே அது உடையத் தொடங்கியது. முதலில் எப்போதாவது ஒன்று. அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யாருக்கும் ஒன்றிரண்டு உடையும். உடைந்ததை ஈரக் காகிதத்தில் ஒற்றி எடுத்துப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பார். கற்றையில் நூற்றுக்கணக்கில் இழைகள் இருந்ததால் குறைவென்று எதுவும் தெரியவில்லை. சில வாரங்கள் போனதும் அடிக்கடி உடைந்தது. பிறகு பசை வைக்கும்போதும், காகித ஓரத்தைக் கத்தரிக்கும்போதும் உடைந்தது.

அக்காவின் தாய்க்குக் கை நடுக்கம் இருந்தது. ஐம்பது தாண்டியதும் தொடங்கியதாம். முதலில் சோற்றுக் குச்சியிலிருந்து பருக்கை சிந்தியது, பிறகு தேநீர்க் கிண்ணம் தளும்பியது. கடைசியில் யாராவது ஊட்டிவிட வேண்டியிருந்தது. அக்காவுக்கு அந்த வசந்தத்தில் ஐம்பத்தொன்று. வாரத்துக்கு வாரம் உடைவது கூடிக்கொண்டே போனதைப் பார்த்து, வேறு யோசனையே இல்லாமல், தன் கைதான் போகிறது என்று முடிவு கட்டிவிட்டார்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. காப்பியை நிறுத்தினார். பஸ் பிடித்து மித்தோவுக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தார். டாக்டர் கையை நீட்டச் சொல்லி, விரலால் மூக்கைத் தொடச் சொல்லி, "ஒண்ணுமில்லம்மா, வயசாகுதுல்ல" என்று அனுப்பிவிட்டார். அது அவருக்கு ஆறுதலாக இல்லை. அம்மாவுக்கும் முதலில் ஒரு டாக்டர் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

சாப்பாடு முடிந்ததும் வீட்டில் ஊசியும் நூலுமாக உட்கார்ந்துவிடுவார். நூலைக் கோத்து, உருவி, மறுபடி கோப்பார். படகு எஞ்சின் பழுது பார்க்கும் இசாவோ தொலைக்காட்சியை விட்டுவிட்டு இவரைப் பார்ப்பார்.

"என்ன, தையல் கடை வைக்கப் போறியா?"

"கண்ணு சரியா இருக்கான்னு பாக்கறேன்."

"அதுக்கு ஊசி எதுக்கு? என்னப் பாரு. அழகாத் தெரியறேனா?"

"தெரியலையே."

"அப்ப கண்ணு நல்லாத்தான் இருக்கு. டீ போடு."

சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போன மனைவி ரொம்ப நேரமாகியும் வரவில்லையே என்று போய்ப் பார்த்தபோது, அக்கா இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே நீட்டி வைத்துக்கொண்டு நின்றாராம். ஊசி ஒவ்வொரு முறையும் முதல் தடவையிலேயே கோத்துக்கொண்டது என்பதை இசாவோ கவனித்திருந்தார். ஆனால் அதைச் சொன்னால் ஆறுதலாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. மனைவி எதற்குப் பயப்படுகிறார் என்பதே அவருக்குத் தெரியாதே.

கம்பெனியில் எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். ஆயிரத்து முந்நூறு டிகிரியில் கிடந்து வந்த இழைகளின் சராசரி, கராசவா பயந்த அளவுக்கு விழவில்லை. குறைந்திருந்தது, ஆனால் மோசமில்லை. அவர் அதை எழுதி, ஹிருமா முத்திரை வைத்து, வாடிக்கையாளர் கம்பெனிக்கு அனுப்பியும் விட்டார்கள். நான் ஆயிரத்து நானூறுக்கு உலையை ஏற்றினேன்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு மதியம். நான் உலை அறையில் குழாய் இணைப்பை இறுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா உள்ளே வந்தார். வேலை நேரத்தில் அவர் கீழே வந்து நான் பார்த்ததில்லை. ஒரு கையில் கண்ணாடித் தட்டு, மறு கையில் இடுக்கி.

"நெமொத்தோ, எங்கூட வா. அந்த வெளிச்சத்துக்கிட்ட வா."

தட்டில் இரண்டு சிறு கற்றைகள் இருந்தன. ஒன்று பல மாதங்களுக்குப் பிறகு அன்று காலைதான் ஆலையிலிருந்து சோதனைக்கு வந்த புது இழை, உலையையே பார்க்காதது. மற்றது நான் அனுப்பிய ஆயிரத்து நானூறு. அக்கா புது இழை ஒன்றைத் தூக்கினார். தூக்கி, வளைத்து, தன் சுண்டுவிரலைச் சுற்றிக் காட்டினார். அது சுற்றிக்கொண்டது. விட்டதும் நிமிர்ந்தது. இன்னொன்று, இன்னொன்று என்று எடுத்து வைத்துக்கொண்டே போனார். ஒன்றுகூட உடையவில்லை. பிறகு மற்றக் கற்றைக்குப் போனார். இடுக்கி தொட்டதும் இழை துண்டாயிற்று. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது தட்டிலிருந்து எழும்பவேயில்லை, கரித்தூளாக உதிர்ந்துவிட்டது.

"பாத்தியா?"

"என்னக்கா இது?"

"கை நல்லா இருக்குடா! என் கைக்கு ஒண்ணும் இல்ல!"

சிரித்தார். கண்ணில் தண்ணீர் ஓடியது. இடுக்கியைப் பிடித்திருந்ததால் தோளால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாதக்கணக்கில் சுமந்ததையெல்லாம் என் உலைப் பக்கத்திலேயே நின்று கொட்டினார்: அம்மாவை, மித்தோ டாக்டரை, ஊசி நூலை. மேலே அவருடைய மேசைக்குக் குளிர்காலத்திலிருந்தே சூடு வாங்கிய இழைகள் மட்டும்தான் வந்துகொண்டிருந்தன. அதுவும் ஒவ்வொரு முறையும் முன்னதைவிட அதிகச் சூடு வாங்கியவை. கை கெட்டுக்கொண்டே போவது போலத் தெரிந்ததற்கு அதுதான் காரணம். புதுக் கற்றை ஒன்று நடுவில் வராமலிருந்தால் இன்னும் எத்தனை நாள் அப்படி நினைத்துக்கொண்டு இருந்திருப்பாரோ.

பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"அப்ப உடஞ்சதெல்லாம்…"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. பலமில்லாத இழைகள் இடுக்கியிலேயே உடைந்து ஈரக் காகிதத்துக்குப் போய்விட்டன. தூக்குவதையும் ஒட்டுவதையும் தாங்கிய பலசாலிகள் மட்டுமே இயந்திரத்தில் ஏறின. நாங்கள் சராசரி எடுத்தது அவற்றுக்கு மட்டும்.

"டோக்கியோக்காரரு அந்தக் கணக்க அனுப்பிட்டாரேடா."

"இன்னிக்கே சொல்லணுமாக்கா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. கராசவாவின் முகம் ஞாபகம் வந்தது.

"நாளைக்குச் சொன்னா நம்பர் மாறிடுமா?" என்றார். கண்ணாடித் தட்டை எடுத்துக்கொண்டு படியேறினார். நானும் பின்னால் போனேன்.

கராசவா முழுவதையும் கேட்டார். முடிந்ததும், "எத்தனை உடஞ்சுது?" என்றார்.

"எண்ணலையே. என் தப்புன்னு நெனச்சேன். என் தப்ப நான் எதுக்கு எண்ணறேன்?"

"பாதி இருக்குமா?"

"ஆயிரத்து முந்நூறுல, ரொம்ப நேரம் வச்சதுல, பாதிக்கு மேலயே இருக்கும்."

அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். பிறகு, "அளக்க வேண்டியதே அதத்தான்" என்றார், எங்களுக்குச் சொல்வது போல இல்லாமல். எங்கள் பக்கம் திரும்பி, "நான் கேட்டிருக்கணும். எடுக்கும்போது எப்படி இருக்குன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கணும்" என்றார்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். இந்த முறை அக்கா எடுக்கும்போது உடைந்தால் "போச்சு" என்பார். பக்கத்தில் நிற்கும் நான் ஒரு கோடு போடுவேன். ஒவ்வொரு கற்றைக்கும் நடுவே புது இழை சிலவற்றை எடுத்துப் பார்த்துக்கொள்வார். அவை உடையாதவரை கை சரி. அறையில் மழைச் சத்தத்தோடு, "போச்சு… போச்சு…" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. உடைந்தவற்றையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது, ஆயிரத்து முந்நூறில் பலம் படிக்கட்டில் உருண்டாற்போல் விழுந்திருந்தது. ஆயிரத்து நானூறில் பலம் என்று சொல்ல எதுவுமே மிஞ்சவில்லை.

மின்னணு நுண்ணோக்கியில் எடுத்த படங்களைக் கராசவா சாப்பாட்டு மேசையில் பரப்பிக் காட்டினார். புது இழை வழவழவென்று இருந்தது. சூடு வாங்கியது சொரசொரப்பாக, பொத்தலும் பருக்கையுமாகக் கிடந்தது.

"நூல் நூத்ததும் ஒண்ணோட ஒண்ணு உருகி ஒட்டாம இருக்கக் காத்துல வாட்டறோம் இல்லையா, அப்ப கொஞ்சம் ஆக்சிஜன் இழைக்குள்ள போய்த் தங்கிடுது. சாதாரணச் சூட்டுல அது சும்மா இருக்கும். இந்தச் சூட்டுல கார்பனோட சேர்ந்து வாயுவா வெளிய ஓடுது. ஓடின இடமெல்லாம் ஓட்டை. அதுமட்டுமில்ல, பொடி உப்பு மாதிரி நெருக்கமா இருந்த துகளெல்லாம் ஒண்ணை ஒண்ணு விழுங்கிக் கல்லுப்பு மாதிரி வளந்துடுது. ஓட்டை இருக்கற எடத்துலதான் விரிசல் ஆரம்பிக்கும்."

அக்கா படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "வெளியில பாக்க ரெண்டும் ஒரே கறுப்புதான். தொட்டாத்தான் தெரியுது" என்றார்.

ஹிருமா வாடிக்கையாளர் கம்பெனிக்கு நேரில் போய்த் தலை குனிந்து, அனுப்பியதைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தார். அவர்கள் எங்கள் இழையை வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள். திரும்பி வந்ததும் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார்.

"ஓனுமா-சான், ஏன் சொல்லல?"

"கேக்க வேண்டியவன் நான்தான்…" என்று கராசவா தொடங்கினார்.

"நீங்க சும்மா இருங்க. அவர் என்னத்தான் கேட்டாரு" என்றார் அக்கா. பிறகு ஹிருமாவைப் பார்த்து, தன் தாயைப் பற்றி, சோறு ஊட்டியதைப் பற்றி, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். "பயந்துட்டேன், தலைவரே. உடையுதுன்னு சொன்னா, 'உங்க கை போச்சு'ன்னு நீங்க சொல்லிடுவீங்கன்னு பயம். சொல்லாதது தப்புதான்."

ஹிருமா கல்நெஞ்சர் அல்ல. ஆனாலும் அந்தக் கோடையில் அக்காவைப் பொட்டலம் கட்டும் பிரிவுக்கு மாற்றினார். யாராவது ஒருவர் தண்டனை அனுபவித்ததாக மேலிடத்துக்குக் காட்ட வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். எனக்குக் கோபம் வந்தது. அக்காவுக்கு வரவில்லை. அங்கே பெட்டிகளுக்கு நாடா ஒட்டிக்கொண்டே பாட்டுப் பாடினார். மூச்சை அடக்க வேண்டாத வேலை என்பது எவ்வளவு சுகம் என்று எனக்குச் சொன்னார்.

அவர் இடத்துக்கு இரண்டு பெண்களைப் போட்டார்கள். கெட்டிக்காரர்கள்தான். ஆனால் அவர்கள் கையில் புது இழையும் உடைந்தது, சூடு வாங்கியதும் உடைந்தது. இழை கெட்டதா, கை வழுக்கியதா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இலையுதிர்காலம் முடிவதற்குள் கராசவாவே பொட்டலப் பிரிவுக்கு வந்து நின்றார்.

"தொமோயே-சான், திரும்பி வாங்க."

"ஹிருமா தலைவர் சொன்னாரா?"

"சொல்ல வச்சிட்டேன்."

"அடேங்கப்பா, டோக்கியோக்காரருக்கு எங்க ஊர் முரட்டுத்தனம் வந்துடுச்சே."

காற்றில் வாட்டாமலே இழையைக் கெட்டிப்படுத்த வழி தேடிக் கராசவா வருடக்கணக்கில் அலைந்தார். கடைசியில் எலக்ட்ரான் கதிரைப் பாய்ச்சிக் கெட்டிப்படுத்தும் முறையைக் கையில் எடுத்தார். எத்தனையோ முறை அது பலிக்கவில்லை. ஒரு முறை இழையெல்லாம் பிசினாக ஒட்டிக்கொண்டு வந்தது. சரியாக வந்த முதல் கற்றையை ஆயிரத்து நானூறு டிகிரியில் வைத்து எடுத்து நானே மாடிக்குக் கொண்டுபோனேன். கதவை மெதுவாகத்தான் திறந்தேன். ஹிருமாவும் சுவரோரமாக வந்து நின்றார். அக்கா எடுத்தார், ஒட்டினார், அடுத்ததை எடுத்தார். "போச்சு" என்ற வார்த்தைக்காக நாங்கள் காத்திருந்தோம். வரவேயில்லை. ரொம்ப நேரம் கழித்து ஒன்று உடைந்தது.

"இது இழையோட குத்தமில்ல, தும்மல் வந்துடுச்சு" என்றார்.

"அப்ப சேக்க வேண்டாமா?" என்று கேட்டார் கராசவா.

அக்கா யோசித்தார். "சேத்துக்குங்க. ஆனா பக்கத்துலயே தும்மல்னு எழுதுங்க" என்றார். கராசவா அப்படியே எழுதினார். அதன் பிறகுதான் எல்லாரும் சிரித்தார்கள்.

இந்தக் கதையில் எனக்கு ஒரு விஷயம் மட்டும் புரியாமலே இருந்தது. அவ்வளவு துணிச்சலான பெண், யாரையும் வாய்க்கு வந்தபடி பேசுகிறவர், வீட்டுக்காரரிடம்கூட ஏன் சொல்லவில்லை? அவர் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், பைன் தோப்பு வழியாக பஸ் நிறுத்தத்துக்கு நடந்தபோது கேட்டேன்.

"சொல்லியிருந்தா இசாவோ அண்ணன் அன்னிக்கே சொல்லியிருப்பாரே, நீ ஊசி ஒழுங்காத்தானே கோக்கறேன்னு."

"சொல்லியிருப்பாரு. நான் நம்பியிருக்க மாட்டேன்." பையைத் தோள் மாற்றிக்கொண்டார். "அம்மாவுக்கு வந்தது எனக்கும் வரும்னு சின்ன வயசிலேருந்து காத்துக்கிட்டிருந்தேன் நெமொத்தோ. அது வந்தாச்சுன்னு தோணினதும் ஒரு மாதிரி நிம்மதியாக்கூட இருந்துச்சு. காத்திருக்கறது முடிஞ்சுதேன்னு. அதான் வேற எதையும் தேடல."

பஸ் வந்துவிட்டது.

ஓய்வு பெற்ற வருடம் அவரும் இசாவோவும் பக்கத்து ஓவராய் துறைமுகத்திலிருந்து கப்பலேறி வடக்கே ஹொக்கைதோ தீவுக்குப் போனார்கள். வழி முழுக்க இசாவோ எஞ்சின் அறையை எட்டிப் பார்க்க அனுமதி கேட்டுக்கொண்டே இருந்தாராம், அக்கா மேல்தளத்தில் காற்றில் நின்றாராம். அங்கிருந்து எனக்கும் கராசவாவுக்கும் ஆளுக்கொரு பெட்டி நண்டு வந்தது. கராசவாவுக்கு நண்டு உடைத்துச் சாப்பிடத் தெரியாது. என் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.